வில்மா மேல் வில்மா போட்ட புகார்

வில்மா ஷிமெக்குக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். சந்தேகம் வந்தால் எழுதிக் கேட்டுவிடுவாள். வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கிக்கொண்டு போவது அவளுக்கு ஒத்தே வராது. சர்ச்சில் நடக்கும் மீன் வறுவல் விருந்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதைக்கூடப் பாதிரியாருக்குக் கடிதம் போட்டுக் கேட்டவள். அந்த மனுஷனும் பாவம், லெட்டர்ஹெட்டில் பதில் அனுப்பினார்.

அவள் தொழில் அப்படி. எங்கள் ஸ்லாவிக் ஊரில், கோர்ட்டுச் சதுக்கத்தின் மேற்குப் பக்கம், அவள் நில உரிமை இன்சூரன்ஸ் ஏஜென்ட். டெக்சாஸில் நீங்கள் ஒரு வீடோ நிலமோ வாங்கினால், அதற்கு முதல் மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய தேதிவரை யார் யாருக்கு விற்றார், யார் கையெழுத்துப் போடவில்லை, எந்தப் பங்காளி எங்கே ஓடிப்போனான் என்று வில்லங்கம் பார்க்க ஆள் வேண்டும். பார்த்துவிட்டு, 'நாளைக்கு எவனாவது வந்து என் பங்கு என்று நின்றால் கம்பெனி பொறுப்பு' என்று பாலிசி எழுதித் தர வேண்டும். அந்த வேலையை மாநில அரசு கொடுத்த லைசென்ஸ் இல்லாமல் ஒருத்தரும் செய்ய முடியாது. வில்மாவின் லைசென்ஸ் அவள் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்கியது. ஐம்பத்தேழு வயதில் கல்யாணமும் இல்லாமல் காட்சியும் இல்லாமல் இருந்தவள் வீட்டில் மாட்டியிருந்த போட்டோக்களைவிட அந்தச் சட்டம் பெரியது.

அதோடு வெள்ளிக்கிழமைக் கொலாச்சி. எங்கள் தாத்தாக்கள் செக் தேசத்து மொராவியாவிலிருந்து கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த உருப்படியான சமாச்சாரம் அது ஒன்றுதான் என்பேன். மெத்தென்ற பன், நடுவில் குழி, குழியில் ஏப்ரிகாட்டோ கசகசாவோ பாலாடைக்கட்டியோ. வில்மா விடியற்காலையில் சுட்டு, எட்டு மணிக்கெல்லாம் இரண்டு தட்டில் அடுக்கி, ஒன்றைப் பாங்க்குக்கும் மற்றதை வீடு நிலம் விற்றுத் தரும் நெல்டா ஜானாக்கின் ஆபீசுக்கும் கொண்டுபோவாள். பத்தொன்பது வருஷமாக ஒரு வெள்ளி தவறியதில்லை. புயல் வந்து சதுக்கத்தில் மரம் விழுந்த வாரம்கூட மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

சரி, புகாருக்கு வருவோம். லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் இந்தத் தொழில்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வகுப்பில் போய் உட்கார வேண்டும். ஹோட்டல் ஹாலில் வகுப்பு, குளிரில் விறைக்கிற ஏசி, மத்தியானம் காய்ந்த சிக்கன். எல்லாரும் மேசைக்கு அடியில் போனைப் பார்த்துக்கொண்டு பொழுதைத் தள்ளுவார்கள். 2013 மார்ச்சில் நடந்த வகுப்பில் வில்மா மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். நடத்தியவர், 'உங்களுக்கு வியாபாரம் அனுப்புகிறவர்களுக்கு, அதற்கு ஈடாக நீங்கள் எதையும் கொடுக்கக் கூடாது' என்றதும் கையைத் தூக்கினாள்.

"கொலாச்சி கொடுக்கலாங்களா?"

ஹாலே சிரித்தது. நடத்தியவரும் சிரித்துவிட்டு, "அதையெல்லாம் இன்சூரன்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு எழுதித்தான் கேக்கணும்மா" என்றார். ஒரு பேச்சுக்குச் சொன்னார் மனுஷன். இவளிடம் போய் அந்த வார்த்தையைச் சொல்லலாமா?

அன்றைக்கே எழுதிவிட்டாள். எத்தனை தட்டு, ஒரு தட்டில் எத்தனை, என்னென்ன பூரணம், யாருக்கு, எத்தனை வருஷமாக என்று இரண்டு பக்கம். கடைசி வரியில், 'இது விதிமீறல் என்றால் தெரிவிக்கவும்' என்று முடித்துக் கையெழுத்தும் போட்டாள்.

மூன்று வாரம் கழித்துத் தலைநகரிலிருந்து கனமான உறை வந்தது. ஆபீசில் அவளோடு பதினாலு வருஷமாக வேலை செய்யும் டார்லா பிரித்துப் படித்தாள். படித்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வில்மாக்கா, உங்க மேல புகார் பதிவாயிருக்கு."

"என் மேலயா? யாரு கொடுத்தது?"

"வில்மா ஷிமெக்."

"புகார் யாரு மேலன்னு கேக்கல டார்லா. கொடுத்தது யாருன்னு கேக்கறேன்."

"அதையும்தான் சொல்றேன். புகார்தாரர், வில்மா ஷிமெக். எதிராளி, வில்மா ஷிமெக். ரெண்டு இடத்துலயும் ஒரே விலாசம்."

விஷயம் இதுதான். டிபார்ட்மென்ட்டில் வந்த கடிதத்தைப் பிரிக்கிறவருக்குச் 'சந்தேகம்' என்று ஒரு பிரிவு இல்லை. 'விண்ணப்பம்' இருக்கிறது, 'புகார்' இருக்கிறது. விதிமீறல் என்ற சொல் வந்ததால் புகாரில் போட்டுவிட்டார். சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் அடுத்த பத்தியில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. விசாரணை முடிந்து முடிவாகும்வரை லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று இருந்தது. புகார் நிரூபணமானால் லைசென்ஸை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ வாய்ப்பு உண்டு என்றும் இருந்தது. வில்மாவின் லைசென்ஸ் ஏப்ரல் முப்பதோடு முடிகிறது. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் மே ஒன்றாம் தேதி கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

டார்லா போனை எடுத்து, "கூப்பிட்டு, தப்பா புரிஞ்சுக்கிட்டீங்கன்னு சொல்லிடலாம்கா. புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்னு ஒரு வரி எழுதினாப் போதும்" என்றாள்.

"எப்படி வாபஸ் வாங்கறது? கொலாச்சி கொடுத்தது நிஜம்தானே."

அப்படிப்பட்ட ஜென்மம் அது. என்ன செய்வது?

அந்த வெள்ளிக்கிழமை தட்டு வரவில்லை. எட்டரைக்குப் பாங்க்கிலிருந்து ஒருவர் வந்து வில்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒன்பது மணிக்கு, விஷயம் காதில் விழுந்து, நெல்டாவே சதுக்கத்தைத் தாண்டி வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதிகள் இருவரும்.

"ஏண்டி, உன்னை யாராவது கேட்டாங்களா? போலீஸ் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்குப் போய்த் தலையைக் கொடுத்திருக்க."

"ரூல்னா ரூல்தான் நெல்டா."

"நான் உன் பன்னுக்கு ஆசைப்பட்டா உனக்கு ஃபைல் அனுப்பறேன்? உன் தம்பி எர்வின் அனுப்பற ரிப்போர்ட்டை நான் ரெண்டு தடவை படிக்கணும். உன்னுதைப் படிக்கவே வேண்டாம். அதனால அனுப்பறேன். இதைப் போய் எவன்கிட்ட சொல்லணுமோ சொல்லு."

"நீ சொல்லாத. நீ பன் வாங்கினவ. உன் பேச்சு எடுபடாது."

"பத்தொம்போது வருஷமா பன்னையும் தின்னுட்டு, இப்ப சாட்சி சொல்லவும் லாயக்கில்லாமப் போயிட்டேன்" என்று நெல்டா முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

எர்வின் பெயர் வந்ததும் வில்மாவின் முகம் சுண்டிப்போனதை டார்லா கவனித்தாள். சதுக்கத்தின் கிழக்குப் பக்கம், கோர்ட்டுக்கு அந்தாண்டை, நேர் எதிரில் இருக்கிறது எர்வின் ஷிமெக்கின் ஆபீஸ். அதே தொழில். அக்காளும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே சர்ச்சில் ஒருத்தர் இந்தப் பக்கப் பெஞ்சிலும் ஒருத்தர் அந்தப் பக்கப் பெஞ்சிலும் உட்காருவார்கள். எங்கள் ஊருக்கு அது பழகிப்போய்விட்டது.

முன்பு இருவரும் ஒரே ஆபீசில்தான் இருந்தார்கள், ஒரு பழைய முதலாளிக்குக் கீழே. எர்வின் ஒரு பண்ணைக்கு வில்லங்கம் பார்த்தான். 1938-இல் பண்ணைக்காரர் செத்து, அவர் பிள்ளைகள் எழுதிய பாகப்பிரிவினையில் எட்டுக் கையெழுத்து இருந்தது. எட்டுப் பிள்ளை, எட்டுக் கையெழுத்து என்று விட்டுவிட்டான். ஒன்பதாவதாக ரோஸி என்று ஒருத்தி இருந்தாள். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போனவள். வீட்டில் அவள் பெயரையே சொல்வதில்லை, அதனால் காகிதத்திலும் இல்லை. எர்வின் பார்த்து நாலு வருஷம் கழித்துப் பக்கத்து நிலத்தைப் பார்க்கும்போது வில்மா கண்ணில் ரோஸி பட்டாள், சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டில்.

வில்மா என்ன செய்தாள்? அன்றைக்கே எழுதினாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒன்று, மாநில டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு நகல். விதி அப்படித்தான். தம்பி இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தான். ரோஸியின் வாரிசுகளுக்குக் கம்பெனி கொடுக்க வேண்டியதைக் கொடுத்தது, நிலம் வாங்கினவர்கள் வீடும் பிழைத்தது. எர்வினுக்கு லைசென்ஸில் கண்டனம், ஒரு வருஷம் இன்னொருத்தர் மேற்பார்வையில்தான் வேலை. அந்தக் கண்டனக் கடிதம் வந்த அன்றைக்கு அவன் அக்காள் மேசைக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"ரெண்டு மேசைதானே தள்ளி இருந்தேன். என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கக் கூடாதா?"

"ரூல்ல அப்படி இல்லடா" என்றாள் வில்மா. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். தண்டனை வருஷம் முடிந்ததும் எதிரில் கடை போட்டான்.

அந்தப் பதிலை நினைத்து அவள் எத்தனை நாள் தன்னையே நொந்துகொண்டாளோ, யாருக்கும் தெரியாது. ரொட்டி மாவு பிசைகிற நேரத்தில் நிறைய நினைப்பாள் என்று மட்டும் டார்லாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, விசாரணை அதிகாரி வந்தார். கென்னத் ஆர்னெட். நெட்டையான ஆள், சாது, நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்த களைப்பு. வந்தவுடன் லைசென்ஸைப் பார்த்தார், ஃபைல்களைப் புரட்டினார், ஒன்றிலும் குறை காணவில்லை. பிறகு மேசைமேல் மூடி வைத்திருந்த தட்டைக் காட்டி, "இது என்ன மேடம்?" என்றார்.

"சாட்சியம். விசாரணைக்குத் தேவைப்படும்னு காலைல சுட்டேன்."

மூடியைத் திறந்தாள். ஆர்னெட் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டார். டேப்பை எடுத்து ஒரு கொலாச்சியின் குறுக்களவை அளந்தார், போட்டோ எடுத்தார், எழுதினார். "சாசேஜ் வெச்ச கொலாச்சியும் உண்டுதானே?"

"அது கொலாச்சி இல்ல. அதுக்குப் பேரு குளோபாஸ்னிக். ரெண்டையும் ஒண்ணா எழுதினீங்கன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். டார்லா நைசாக, "தின்னு பாக்காம எப்படி சார் ரிப்போர்ட் எழுதுவீங்க?" என்றாள்.

"அம்மா, நான் அரசாங்க ஆளு. லைசென்ஸ்காரங்ககிட்ட ஒரு வாய் காபிகூட வாங்கக் கூடாது." சொல்லும்போதே அவர் கண் கசகசாப் பக்கம் போனது. "இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. நீங்க கொடுத்ததால வேற யாருக்காவது வியாபாரம் போச்சான்னு கேக்கணும். இந்த ஊர்ல உங்களுக்குப் போட்டி யாரு?"

டார்லாதான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினாள்.

ஆர்னெட் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிச் சதுக்கத்தைக் குறுக்கே கடந்தார். எதிர்க் கதவு திறந்தது, மூடியது. வில்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒரு வரி போதும். 'ஆமாம், அந்தப் பன்னால் எனக்கு நஷ்டம்' என்று எர்வின் ஒரே ஒரு வரி எழுதினால் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் சட்டம் இறங்கிவிடும். ஊரிலுள்ள ஃபைல் எல்லாம் கிழக்குப் பக்கம் போகும். அவன் எழுதினால் அதைப் பொய்யென்று சொல்லவும் முடியாது. விதிப்படி கேட்டால் விதிப்படி பதில் சொல்லலாம் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே இவள்தானே.

"வேணும்னே இழுத்து விடுவாருன்னு நினைக்கறீங்களா?" என்றாள் டார்லா.

"நான் அன்னைக்கு அவனுக்குச் செஞ்சதை அவன் இன்னைக்கு எனக்குச் செஞ்சா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் குறை சொல்றது?"

முக்கால் மணி நேரம் ஆனது. ஆர்னெட் ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தார். மேசையில் உட்கார்ந்து இரண்டு நகல் எடுக்கச் சொன்னார். டார்லா எடுத்துக் கொடுத்தாள். அவர் எழுந்து நின்று, முறையாக, ஒரு நகலை வில்மாவிடம் நீட்டினார்.

"இது புகார்தாரருக்கு." வாங்கினாள். இன்னொன்றை நீட்டினார். "இது எதிராளிக்கு."

டார்லா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். வில்மா இரண்டையும் வாங்கி, இரண்டுக்கும் ரசீதில் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிப் படித்தாள். எர்வினின் கையெழுத்து, சின்ன வயதிலிருந்தே இடது பக்கம் சாய்கிற அதே எழுத்து.

'பத்து வருஷமாக எனக்கு வர வேண்டிய வியாபாரம் எதிர் ஆபீசுக்குப் போவது உண்மை. காரணம், வில்மா ஷிமெக் என்னைவிட நன்றாக வில்லங்கம் பார்ப்பார். அவர் கண்ணில் படாத பெயர் காகிதத்தில் இருக்க முடியாது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். கொலாச்சியால் எனக்கு நஷ்டம் உண்டா என்று கேட்டீர்கள். அதைப் பற்றி நேரடியாக எனக்கு ஒன்றும் தெரியாது. பதினோரு வருஷமாக எனக்கு யாரும் கொண்டுவந்து கொடுத்ததில்லை.'

வில்மா முதல் நகலைப் படித்து முடித்தாள். பிறகு இரண்டாவது நகலையும் முதல் வரியிலிருந்து படித்தாள். அதிலும் அதேதான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். பாவம், ஆர்னெட்டுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏப்ரல் இருபத்து நாலாம் தேதி முடிவு வந்தது. வியாபாரம் அனுப்புகிறவர்களுக்கு மட்டும் என்றில்லாமல், அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் பேதமில்லாமல் ஊரில் யாருக்கும் கொடுப்பதானால் தடையில்லை, புகார் முடிக்கப்படுகிறது, லைசென்ஸ் புதுப்பிக்கப்படுகிறது. புகார்தாரருக்கு ஒரு கடிதம், எதிராளிக்கு ஒரு கடிதம். டார்லா இரண்டையும் இரண்டு ஃபைலில் போட்டாள்.

"இனிமே யாருக்கெல்லாம் கொண்டுபோகப் போறீங்க?"

"யாருக்கும்னு எழுதியிருக்கே. படிக்கலையா?"

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வில்மா மூன்று தட்டோடு வந்தாள். ஒன்றைப் பாங்க்கில் வைத்தாள். ஒன்றை நெல்டாவிடம் கொடுத்தபோது, "அப்பாடா, நான் மறுபடியும் லாயக்கில்லாதவ ஆயிட்டேன்" என்று நெல்டா வாங்கிக்கொண்டாள். மூன்றாவது தட்டோடு வில்மா கோர்ட்டைச் சுற்றிப் போகாமல் புல்வெளியைக் குறுக்காக நடந்தாள். சதுக்கத்தில் இருந்த ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு மூஞ்சி இருந்தது. என்னுடையதும் ஒன்று, மறைப்பானேன்.

எர்வின் மேசையில் இருந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. சர்ச்சில் பின்பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்துப் பழகியதால் அவளுக்கு முன்பக்க நரை புதிதாக இருந்தது. தட்டை அவன் ஃபைல் மேலேயே வைத்துவிட்டாள்.

"இது லஞ்சமா அக்கா?"

"இல்ல. பேதமில்லாம கொடுக்கறது. ஆர்டர் இருக்கு, வேணும்னா காட்டறேன்."

அவன் கசகசாவை ஒதுக்கிவிட்டு ஏப்ரிகாட்டை எடுத்தான். எப்போதும் அப்படித்தான் எடுப்பான். அவள் ஏப்ரிகாட்டைத்தான் மேலே அடுக்கியிருந்தாள். பாதி தின்றுவிட்டு, "அம்மா பண்றதுல வெண்ணெய் இன்னும் ஜாஸ்தியா இருக்கும்" என்றான்.

"இருக்கும்."

வில்மா கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எழுதிக் கொடுத்தே பழகியவளுக்கு வாயால் சொல்வது வரவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"அன்னைக்கு உன்கிட்ட முதல்ல வந்து சொல்லியிருக்கணும்டா எர்வின். சொல்லிட்டு அப்புறமா எழுதியிருக்கலாம். ரூல் அதைத் தடுக்கல. நான்தான் செய்யல. தப்பு என்னுது."

எர்வின் விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு மேசை டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பேனாவையும் சேர்த்து, அவள் பக்கம் தள்ளினான்.

"எழுத்துல கொடு" என்றான். "ரெண்டு நகல்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், தேதி போட்டு எழுதினாள், இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள். தன் நகலை ஃபைலில் வைத்துக்கொண்டாள். எர்வின் தன்னுடையதைச் சட்டம் போட்டு, அவன் லைசென்ஸுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான்.